முதலில் போன தடவை எடுத்த ரத்தத்துக்குப் பதில் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நெல்லைப் பதிப்பில் ஒரு சிறு செய்தி வந்திருந்தது. மலையடிவாரக் கிராமம் ஒன்றில் காய்ச்சல் பற்றி ஆய்வு செய்ய வந்த குழுவுக்கு ரத்தம் கொடுக்கப் பல வீட்டார் மறுத்துவிட்டார்கள், சிலர் கதவையே சாத்திக்கொண்டார்கள் என்று போட்டு, கடைசி வரியில் ‘பொதுமக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை’ என்று முடித்திருந்தீர்கள். அது எங்கள் ஊர். கதவைச் சாத்தியதில் இரண்டு வீடு என் சொந்தக்காரர்கள் வீடு. அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று அச்சில் படித்த அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். இடமில்லை என்று வெட்டுவதாக இருந்தாலும், வெட்டும் முன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

நான் ஓய்வுபெற்ற பூச்சி சேகரிப்பாளர். அப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. 1984-ல் தினக்கூலியாகச் சேர்ந்தேன், 2020-ல் ஓய்வு பெற்றேன். இடைப்பட்ட காலத்தில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, கடையம், ஆழ்வார்குறிச்சி, களக்காடு என்று இந்த மலையடிவாரத்தில் நான் நுழையாத மாட்டுத் தொழுவம் இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் கையில் டார்ச்சும் உறிஞ்சுகுழாயும் எடுத்துக்கொண்டு கிளம்புவோம். ஒரு முனையில் கண்ணாடிக் குழாய், மறுமுனையில் ரப்பர் குழாய், நடுவில் வலைத்துணி. சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவின் மேல் கண்ணாடி முனையை வைத்து ரப்பர் முனையில் வாயால் உறிஞ்சினால் கொசு உள்ளே போய்விடும். வலைத்துணி தடுப்பதால் வாய்க்கு வராது. ஆனால் மாட்டு மயிரின் தூசியும் சாண நெடியும் வரும். ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் எத்தனை கொசு பிடிக்கிறான் என்பதுதான் எங்கள் கணக்கு. பிசானத்துக்கு நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கும் வாரங்களில் அந்த எண் மளமளவென்று ஏறும். உட்கார்ந்திருக்கும் விதத்தை வைத்தே இன்ன கொசு என்று சொல்லிவிடுவேன். அனாஃபிலிஸ் தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கிச் சாய்வாக உட்காரும். க்யூலெக்ஸ் சுவரோடு ஒட்டினாற்போல இருக்கும். காலில் வெள்ளை வளையம் போட்டது ஏடிஸ். பிடித்ததை இனம் பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் குப்பியில் போட்டு, திரவ நைட்ரஜன் கேனுக்குள் இறக்கி அனுப்புவோம். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழிந்து வரும். அதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிடும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலைக் கொண்டுவரும் கொசு, வயல் தண்ணீரில் வளரும் அந்த க்யூலெக்ஸ்தான். இந்தியாவில் அந்த நோயை முதலில் அடையாளம் கண்டது 1955-ல் நம் வேலூர்ப் பக்கம். கொக்கிலும் நாரையிலும் இருக்கும் கிருமி பன்றியில் பெருகும், கொசு அதை மனிதனுக்குக் கொண்டுவரும். மாட்டைக் கடித்தால் மாட்டின் ரத்தத்தில் கிருமி அவ்வளவாகப் பெருகாது, அதனால் தொடர் அங்கேயே அறுந்துபோகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எந்தத் தொழுவத்தில் நின்று நான் முப்பது வருஷம் கொசு பிடித்தேனோ, அந்தத் தொழுவத்துக்காரருக்குத் தெரியாது. அவரிடம் சொல்லும் பொறுப்பு எங்கள் யாருக்கும் இருக்கவில்லை.

செய்தியைப் படித்த அன்று சாயங்காலமே அத்தை வீட்டுக்குப் போனேன். எண்பது வயது. கதவைச் சாத்திய வீடுகளில் ஒன்று அவர்களுடையது. ஏன் அத்தை இப்படிச் செய்தீர்கள் என்றேன். “சாத்தாம என்ன செய்ய எய்யா? போன தடவையும் இப்படித்தான் வந்தாவ. எனக்கு, ஒங்க மாமாவுக்கு, பேத்திக்குன்னு மூணு பேருட்டயும் ஊசி போட்டு ரத்தம் எடுத்தாவ. சீட்டு குடுத்தாவ. அந்தச் சீட்டுக்கு என்ன பதிலு? மொதல்ல அதச் சொல்லட்டும். பொறவு கைய நீட்டுதேன்” என்றார்கள். உள்ளே போய் ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து வந்தார்கள். நாலாக மடித்து, மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. ஒரு எண், ஒரு தேதி, மூன்று பேர். மாமா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவர் கொடுத்த ரத்தத்துக்கான சீட்டு மட்டும் இருக்கிறது.

இதை விழிப்புணர்வு இல்லாமை என்று சொல்ல என்னால் முடியவில்லை. எந்த ஆய்வுக் குழு, எந்த நிறுவனம் என்று நான் எழுதப் போவதில்லை. ஒன்றா இரண்டா, பல குழுக்கள் வந்திருக்கின்றன, பாதிக் குழுக்களுக்கு வழிகாட்டியாக முன்னால் நடந்தவன் நான்தான். “ரத்தம் குடுங்க பெரியம்மா, நம்ம ஊருக்குத்தான் நல்லது” என்று என் முகத்தைக் காட்டித்தான் கேட்டோம். ஊர்க்காரன் என்பதால் கொடுத்தார்கள். அடுத்த முறை அந்தத் தெரு வழியே போகும்போது, “அண்ணாச்சி, எங்க ரத்தத்துல என்ன வந்துச்சு?” என்று கேட்பார்கள். “மேல அனுப்பியிருக்கோம்” என்பேன். முப்பத்தாறு வருஷமும் என்னிடம் இருந்த ஒரே பதில் அதுதான். மேலே போனது கீழே வந்து நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு முறை தவிர.

அந்த ஒரு முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2012-ல் கடையநல்லூரில் டெங்கு பரவியதை நெல்லைச் சீமையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம், இப்போது தென்காசி மாவட்டம். அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க 12,826 பேருக்கு டெங்கு, 66 சாவு என்று அரசுக் கணக்கு. அந்தச் சமயத்தில் பரவியதில் டெங்குவின் முதல் வகை வைரஸ் முன்னுக்கு வந்திருந்தது, அதிலும் ஆசியக் கிளை ஒன்று தென்னிந்தியாவில் புதிதாகத் தலைகாட்டியிருந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் பிறகு கண்டு எழுதினார்கள். அது பெரிய கண்டுபிடிப்பு. எனக்கு அது பல வருஷம் கழித்து ஒரு மாணவர் சொல்லித்தான் தெரியவந்தது.

அந்தப் பரவலுக்குப் பிறகு சுற்று ஊர்களில் வீடு வீடாகத் தொட்டி பார்க்கும் வேலை எங்களுக்கு. இந்தப் பக்கத்துப் பெண்கள் பலருக்குப் பீடி சுற்றுவதுதான் பிழைப்பு. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை திண்ணையிலோ நடையிலோ ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. வீட்டை விட்டு வெகுதூரம் பறக்காது. பீடி சுற்றும் பெண்ணைவிட வசதியான இரை அதற்கு எங்கே கிடைக்கும்? குழாயில் தண்ணீர் தினமும் வராத தெருக்கள். வந்த அன்று பிடித்து டிரம், சிமெண்டுத் தொட்டி, அண்டா என்று நிரப்பி வைத்தால்தான் குடும்பம் ஓடும். நாங்கள் போய் எட்டிப் பார்த்து, புழு இருக்கிறது, கொட்டுங்கள் என்போம். நாலு நாள் கழித்து வரும் தண்ணீரைக் கொட்டு என்று சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்? திட்டிக்கொண்டே கொட்டுவார்கள். அடுத்த வாரம் போனால் அதே டிரம்மில் திரும்பவும் புழு இருக்கும். “கொட்டத்தானே செஞ்சோம், பொறவும் எங்கேருந்து வருது? நீங்கதான் கொண்டுவந்து போடுதிய” என்று ஒரு அம்மா என்னைப் பார்த்தே கேட்டார்கள்.

அப்போது எங்களோடு ஓர் இளம் பூச்சியியல் ஆய்வாளர் வந்திருந்தார். நம் பக்கத்துக்காரர் இல்லை, ஆனால் தமிழ்ப் பிள்ளை. அவர் அந்த அம்மாவின் கேள்விக்கு அந்த இடத்தில் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு கண்ணாடி டம்ளரும் கை லென்சும் ஒரு பழைய உறையும் கொண்டு வந்தார். உறைக்குள் வடிதாள் துண்டு ஒன்று, அதில் மிளகுத்தூள் சிந்தினாற்போல் கறுப்புப் புள்ளிகள். “இது மூணு மாசத்துக்கு முன்னால கொசு முட்டை போட்ட தாள். மேஜை டிராயர்ல காய்ஞ்சு கிடந்துச்சு” என்றார். திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஐந்தாறு பேரும் பார்த்தார்கள். டம்ளரில் அவர்கள் வீட்டுத் தண்ணீரையே ஊற்றச் சொல்லி, தாளை அதில் நனைய விட்டார். நாங்கள் அடுத்த தெருவுக்குப் போய் வேலை முடித்து மத்தியானம் திரும்பி வந்தோம். டம்ளரைச் சுற்றி இருபது பேர். பீடி முறங்கள் ஓரமாகக் கிடந்தன. தண்ணீரில் நூல் நுனி அளவு புழுக்கள் துடித்துக்கொண்டிருந்தன. பிள்ளைகள் மாற்றி மாற்றி லென்சைப் பிடுங்கிப் பார்த்தார்கள்.

அப்புறம்தான் அவர் சொன்னார். ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் போடாது, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே தொட்டிச் சுவரில் ஒட்டவைக்கும். தண்ணீரைக் கொட்டினால் புழு போகும், முட்டை சுவரிலேயே இருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. மறுபடி தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரிக்கும். அதனால் கொட்டினால் போதாது, உள்சுவரைத் தேய்க்க வேண்டும். அந்த அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. எழுந்து போய்த் தேங்காய் நாரை எடுத்து வந்து டிரம்முக்குள் தலையை விட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தத் தெருவில் அடுத்த மாதம் முழுக்க நாங்கள் புழு பார்த்தது இரண்டே வீட்டில். பெண்களே எங்களுக்கு ஆள் விட்டார்கள்: “அண்ணாச்சி, பக்கத்து வீட்டுப் பூட்டுன வீடு, பின்னால உடைஞ்ச தொட்டி கெடக்கு, வந்து பாருங்க.” அதே தெருவில்தான் பிறகு ரத்தம் கேட்டபோது ஒருவர்கூட மறுக்கவில்லை.

அந்தத் தம்பிக்கு ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்ததும் போய்விட்டார். தாளை டம்ளரில் போட்டுக் காட்டு என்று அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அறிக்கையில் எழுத அதற்கு ஒரு கட்டமும் கிடையாது.

இனி நான் எழுதப் போவது எழுதச் சங்கடமானது. ஆனாலும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் செய்தியில் ஸ்க்ரப் டைபஸ் என்ற நோய்க்கு ‘உண்ணிக் காய்ச்சல்’ என்ற பெயர் வந்திருக்கிறது.

பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும், ஒரு கார்த்திகை மாதம். என் மயினிக்குக் காய்ச்சல். அண்ணன் மனைவி என்றாலும் என்னை வளர்த்தவர்கள். நாலு ஆடு வைத்திருந்தார்கள். தினமும் கால்வாய்க் கரையில் புல் அறுத்து வருவார்கள். முதல் மூன்று நாள் கடையில் வாங்கிய மாத்திரை. அப்புறம் ஒரு டாக்டர், டைபாய்டு என்று ஊசி போட்டார். காய்ச்சல் இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு சின்ன வயது லேடி டாக்டர் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடத்தில் ஒரு கறுப்புப் பொருக்கைக் காட்டினார். பீடி நெருப்புச் சுட்டாற்போல வட்டமாக இருந்தது. வலிக்கவில்லையா என்று கேட்டால், அப்படி ஒன்று இருப்பதே மயினிக்குத் தெரியவில்லை. மருந்தை அப்போதே மாற்றினார்கள். நேரம் கடந்துவிட்டது. பதினோராம் நாள் மயினி போய்விட்டார்கள்.

அதற்கு முந்தைய வருஷம் எங்கள் ஊரில் ஒரு குழு எலிக்கூடு வைத்தது. கூட்டில் தேங்காய்ச் சில்லும் கருவாடும் மாட்டி, கால்வாய்க் கரை, வைக்கோல் படப்பு, ஆட்டுப்பட்டி என்று இடம் காட்டியவன் நான். விடியற்காலம் போய் எடுப்போம். எலி, பெருச்சாளி, மூஞ்சுறு. ஆய்வாளர் எலியின் காதுமடலைத் திருப்பிக் காட்டுவார். உள்ளே செம்மண் பொடி தூவினாற்போல் ஒட்டியிருக்கும். மெல்லிய பிரஷ்ஷால் தட்டிக் குப்பியில் சேர்ப்பார். இது ஒரு காய்ச்சலுக்காக என்று மட்டும் சொன்னார்கள். அந்தக் குப்பிகளில் கிருமி இருந்ததா இல்லையா என்று இன்றுவரை ஊருக்குத் தெரியாது. இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். ஆனால் கிளம்பும் முன் ஊர்ப் பெண்களை ஒரு மணி நேரம் உட்காரவைத்து, “புல் அறுத்து வந்த பிறகு ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சல் வந்தால் அக்குள், மார்புக்கு அடி, இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் பாருங்கள், கறுப்புப் பொருக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்” என்று சொல்லியிருந்தால் மூன்றாம் நாளே மயினி அதைப் பார்த்திருப்பார்கள். டாக்சிசைக்ளின் என்ற சாதாரண, மலிவான மாத்திரைக்குக் கேட்கிற நோய். சரியான மருந்து போனால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். டைபாய்டுக்கு வழக்கமாகப் போடும் ஊசி இதற்கு வேலை செய்யாது. அந்த எலிக்கூட்டைச் சுமந்த எனக்கே இதெல்லாம் மயினி போன பிறகுதான் தெரியும்.

அதனால் உங்களிடம் ஒரு திருத்தம் கேட்கிறேன். உண்ணி என்று எழுதினால் எங்கள் ஊரில் மாட்டிலும் நாயிலும் ஒட்டியிருக்கும் பட்டாணி போன்ற உண்ணியைத்தான் நினைப்பார்கள். தன் மேல் உண்ணி எதுவும் இல்லை, அதனால் இந்தக் காய்ச்சல் இல்லை என்று முடிவு செய்துவிடுவார்கள். ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது அந்த உண்ணி இல்லை. கடுகில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஒரு பூச்சியின் குஞ்சு. கண்ணில் படாது, கடித்தால் வலிக்காது. புல்லிலும் புதரிலும் இருக்கும், எலியின் மேல் ஒட்டி இரை எடுக்கும், தாயிடமிருந்து முட்டை வழியாகவே கிருமி அடுத்த தலைமுறைக்குப் போகும். நம் பக்கம் மழையும் குளிரும் உள்ள மாதங்களில் அதிகம். எல்லா நோயாளிக்கும் கறுப்புப் பொருக்கு இருக்காது. ஆனால் இருந்தால் அதைவிடத் தெளிவான அடையாளம் வேறு இல்லை. இந்த நாலு வரியை ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால்கூடப் போதும்.

ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அதன் அருமை தெரியும். இதே காய்ச்சல் முற்றிய நிலையில் வருகிறவர்களுக்கு ஒரு மருந்தைத் தனியாகக் கொடுப்பதைவிட டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசியாக ஏற்றுவது நல்லது என்று 2023-ல் நிரூபித்துக் காட்டியது வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய ஆய்வு. நூற்றுக்கணக்கான நோயாளிகள் அதற்குச் சம்மதித்தார்கள், அவர்களால்தான் உலகத்துக்கே அது தெரியவந்தது. மதுரைப் பக்கத்து நெல்வயல்களில் 1990-களின் தொடக்கத்தில் வேப்பம்புண்ணாக்கு பூசிய யூரியாவைப் போட்டு, தண்ணீரை விட்டு விட்டுப் பாய்ச்சி, கொசுப்புழுவைக் குறைத்துக் காட்டினார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் கன்னடியன் கால்வாய்க் கடைமடை விவசாயிக்கு அது எத்தனை உபயோகமான செய்தி! புண்ணாக்கு அவர் வீட்டிலேயே கிடக்கிறது. அந்தச் செய்தி எங்கள் வயல் வரப்பு வரைக்கும் வந்து சேரவில்லை.

நான் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த பூச்சியியல் அதிகாரி சொன்ன ஒரு விஷயம் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு விஷக்காய்ச்சல் பரவி ஊர் ஊராக ஜனங்கள் செத்தார்கள். கிழக்கிந்தியக் கும்பினி அரசு ஐன்ஸ்லி என்ற மருத்துவரும் இன்னும் இரண்டு பேரும் கொண்ட குழுவை அனுப்பியது. அவர்கள் எழுதிய அறிக்கை 1816-ல் லண்டனில் அச்சானது. கெட்ட காற்றால் காய்ச்சல் வரும் என்று நம்பிய காலம் அது. கொசுதான் மலேரியாவைச் சுமக்கிறது என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடிக்க இன்னும் எண்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. அதனால் காரணம் தவறிப்போனதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் செத்தது இங்கே, அச்சானது அங்கே. அதைக் கேட்ட அன்று நான் சின்னப் பையன், பெரிதாகத் தோன்றவில்லை. இன்று அத்தையின் சீட்டைக் கையில் வைத்துப் பார்க்கும்போது நெஞ்சை அடைக்கிறது. அந்த ராஸ்கூட, தன்னைக் கொசு கடிக்க விட்ட உசேன் கான் என்ற நோயாளிக்குக் கொசுவுக்கு ஓர் அணா என்று காசு கொடுத்து, அவர் பெயரையும் எழுதிவைத்தார். 1897-ல் ரத்தம் கொடுத்தவரின் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது மலேரியாக்காரர் வருவார். டிடிடி அடித்துவிட்டுக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கட்டம் போட்டுத் தேதி எழுதிவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் எப்போது அடித்தார்கள், யார் வந்தார்கள் என்று படிக்கத் தெரிந்த யாரும் படித்துக்கொள்ளலாம். அந்தக் காவி எழுத்தை அம்மா வெள்ளையடிக்கும்போதுகூட விட்டுவைப்பார்கள். இப்போது எல்லாம் டேப்லெட்டில் ஏறுகிறது, சுவரில் எதுவும் இல்லை.

ஆய்வுக்கு வருகிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. பலர் ஒப்பந்தச் சம்பளத்தில் வெயிலிலும் அட்டைக்கடியிலும் அலைகிறவர்கள். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும், பெயரை நீக்கிவிட்டு எண்ணாகத்தான் சோதிக்கிறார்கள், ஆராய்ச்சி இதழில் வரும் முன் வெளியே சொல்லக் கூடாது என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். எனக்கும் புரிகிறது. தனி ஆள் கணக்கைச் சொல்ல முடியாவிட்டால் ஊர்க் கணக்கைச் சொல்லலாமே. இத்தனை பேரிடம் எடுத்தோம், இத்தனை பேருக்கு முன்பு இந்தக் காய்ச்சல் வந்து போன அடையாளம் இருக்கிறது, இந்தக் கரையில் எலி அதிகம், இந்தத் தெருவில் தொட்டிப் புழு அதிகம் என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டினால் போதும். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், ஒன்றும் கிடைக்கவில்லை என்றே எழுதி ஒட்டட்டும். எங்கள் ஜனங்களுக்கு அதுவும் பதில்தான்.

சபை கூட்ட நாள் இல்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளிலேயே, ஆய்வில் தெரியவந்ததை அதில் பங்கெடுத்தவர்களுக்கும் அந்தச் சமூகத்துக்கும் தெரிவிக்க முயல வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. ரத்தம் எடுக்க அனுமதி தரும் இடத்திலேயே, முடிவை எந்தக் கிராம சபையில் சொல்லப்போகிறீர்கள் என்று எழுதி வாங்கட்டும். திட்டச் செலவில் கடைசியாக ஒரு பயணத்துக்கு, ஒரு ஜீப்புக்கும் ஒரு நாள் படித்தொகைக்கும் பணம் ஒதுக்கட்டும். அந்தப் பயணத்தில், தாளை டம்ளரில் நனைத்துக் காட்டிய அந்தத் தம்பி மாதிரி ஒருவர் வரட்டும். கொடுக்கும் சீட்டில் வெறும் எண்ணோடு நிறுத்தாமல், என்ன ஆய்வு, யாரைக் கேட்க வேண்டும், எந்தத் தொலைபேசி எண், எப்போதுக்குள் பதில் என்று நாலு வரி அச்சடிக்கட்டும்.

உங்கள் நிருபருக்கும் ஒரு வேண்டுகோள். குழு வந்த அன்று செய்தி எடுத்தார், நல்லது. ஆறு மாதம் கழித்து அதே குழுவைக் கூப்பிட்டு, அந்த ஊரில் எடுத்தது என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள். பத்திரிகை கேட்டால் பதில் வரும்.

என் பெயரைப் போட வேண்டாம். என்னோடு வேலை செய்த நல்ல மனிதர்கள் பலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்வதாக யாரும் நினைக்கக் கூடாது. குழுவினர் இதைப் படித்தால் உங்கள் அலுவலகம் வழியாக என்னைத் தொடர்புகொள்ளலாம். அத்தையின் சீட்டில் எண்ணும் தேதியும் இன்னும் படிக்கிற மாதிரிதான் இருக்கின்றன. அதன் நகல் ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அச்சில் போட அல்ல, அவர்கள் கேட்டால் கொடுக்க. மூன்று பேரில் ஒருவர் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். அத்தையும் பேத்தியும் வீட்டில்தான் இருக்கிறார்கள். பேத்தி இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், உயிரியல் எடுத்திருக்கிறாள். பதிலைத் தமிழில் எழுதி அனுப்பினால் அவளே அத்தைக்கு வாசித்துக் காட்டிவிடுவாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பூச்சி சேகரிப்பாளர்,
அம்பாசமுத்திரம் வட்டம்.